அட்வான்ஸ் கொடுக்கும் கை நடுங்க வேண்டாம்

“சார், இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள ஒரு டோக்கன் போட்டுடுங்க. நாளைக்கு வந்து கேட்டா வீடு இருக்காது.”

முதல் வீடு தேடிப் புறப்பட்டவர் யாரும் இந்தப் பேச்சைக் கேட்காமல் திரும்பியதில்லை. தாம்பரத்தில் கேட்டிருப்பார், கோவை சரவணம்பட்டியில் கேட்டிருப்பார், திருச்சி கே.கே. நகரில் கேட்டிருப்பார். கேட்டதும் நெஞ்சு படபடக்கிறது. மனைவியின் முகத்தைப் பார்க்கிறார். அங்கேயும் அதே பயம். போன மாதம் பார்த்த வீடு இப்படித்தான் கைநழுவிப் போனது என்ற நினைப்பு வேறு. பக்கத்தில் ஏடிஎம் எங்கே இருக்கிறது என்று கண் தேடுகிறது.

நில்லுங்கள். பணம் யாரிடம் இருக்கிறது? உங்களிடம். ஓவர்டைம் பார்த்து, தீபாவளிச் செலவைக் குறைத்து, மாதம் தவறாமல் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். அதை வாங்கக் காத்திருப்பவர்கள் நிதானமாக இருக்கிறார்கள். கொடுக்கப் போகிற நீங்கள் ஏன் நடுங்க வேண்டும்?

உங்கள் நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். வாடகை வீட்டிலிருந்து வருகிறது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, மோட்டார் காலையில் அரை மணி நேரம்தான், ஊரிலிருந்து அம்மா வந்து தங்கினால் “எத்தனை நாள் இருப்பாங்க?” என்ற விசாரணை. 11 மாத ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் வாடகை ஏறுமா, காலி செய்யச் சொல்வார்களா என்று தூக்கம் போகிறது. உங்கள் அப்பா ஆயுள் முழுக்க இதைத் தாங்கினார். உங்கள் பிள்ளைகளுக்கு இது வேண்டாம் என்று முடிவெடுத்தீர்களே, அந்த முடிவுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த வேட்கை உங்கள் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. தரகர் அதைப் படிக்கிறார். விற்பவர் படிக்கிறார். பில்டரின் அலுவலகத்தில் காபி கொடுத்து உட்கார வைக்கும் இளைஞரும் படிக்கிறார். “இவங்க அவசரப்படுவாங்க” என்று அவர்கள் கணக்குப் போட்டுவிட்டால் விலையும் அவர்கள் சொல்வதுதான், நாளும் அவர்கள் குறிப்பதுதான்.

இதை மாற்ற முடியும். பணம் கைமாறும் நிமிடத்துக்கு முன்னால் உங்களைவிட வலுவானவர் அந்த அறையில் யாருமில்லை. கேள்வி கேட்கலாம், பத்திரம் கேட்கலாம், விலை குறைக்கச் சொல்லலாம், எழுந்து போகலாம். எல்லாக் கதவும் திறந்திருக்கும். அட்வான்ஸ் கொடுத்த மறுநிமிடமே அந்தக் கதவுகளில் பாதி மூடிவிடும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் மீதியிலும் பாதி. ஆகவே எந்தக் கேள்வியை எந்தக் கட்டத்தில் கேட்பது, எந்தப் பணத்தை எந்தக் காகிதத்துக்குப் பிறகு கொடுப்பது என்பதில்தான் முதல் வீட்டின் வெற்றி இருக்கிறது. இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. துணிவும் வரிசையும் போதும்.

வரிசையில் முதல் வேலை உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வீட்டைப் பார்ப்பதற்கு முன் உங்கள் பணத்தைப் பாருங்கள். நம் மக்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கிறார்கள், பிடித்துப்போகிறது, டோக்கன் போடுகிறார்கள், திங்கட்கிழமைதான் வங்கிக்குப் போய் “எனக்கு எவ்வளவு லோன் கிடைக்கும்?” என்று கேட்கிறார்கள். அந்தத் திங்கட்கிழமையில் எத்தனை குடும்பங்கள் உடைந்து உட்கார்ந்திருக்கின்றன!

ஒரு கணக்குப் போடுவோம். 50 லட்ச ரூபாய் வீடு. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கும் மேல் 75 சதவீதம்தான் வங்கி தரலாம். உங்கள் வீட்டுக்கு அதிகபட்சம் 40 லட்சம். மீதி 10 லட்சம் கையில் இருக்கிறது, போதும் என்று நினைப்பீர்கள். போதாது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 50 லட்சத்துக்கு நான்கரை லட்சம். வீட்டின் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் இந்தச் செலவை வீட்டு மதிப்போடு சேர்த்துக் கடன் தர வங்கிக்கு அனுமதியில்லை. அரசின் வழிகாட்டி மதிப்பு உங்கள் விலையைவிட அதிகமாக இருந்தால், தீர்வை அந்த அதிக மதிப்பின் மேல்தான். ஆக, பதிவு நாளன்று உங்கள் சொந்தக் கையிலிருந்து குறைந்தது 14.5 லட்சம் வெளியே போகும். வங்கியின் செயலாக்கக் கட்டணம், வக்கீல் கட்டணம், குடிபோகும் செலவு தனி. கட்டி முடிக்காத அடுக்குமாடி வீடு என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம். குறைந்த விலை வீடு என்ற வரையறைக்குள் வந்தால் 1 சதவீதம். கட்டி முடித்து நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

மாதத் தவணையையும் பாருங்கள். 40 லட்சம், 20 ஆண்டு, வட்டி 8.5 சதவீதம் என்றால் இஎம்ஐ சுமார் 34,700 ரூபாய். மொத்தம் ஏறக்குறைய 83 லட்சம் கட்டி முடிப்பீர்கள். இந்த எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இருபது வருட வாடகையை, அது வருடா வருடம் ஏறும் வேகத்தோடு கூட்டிப் பாருங்கள். அதன் பிறகு உங்களால் தாங்க முடியுமா, முடியாதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரரும் சகலையும் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கணவன் மனைவி இருவரும் சம்பாதித்தால் இருவர் பெயரிலும் கடன் கேளுங்கள், தகுதி கூடும். வீடும் இருவர் பெயரில் இருக்கட்டும். உழைப்பு இருவருடையது என்றால் பத்திரத்தில் ஒரு பெயர் மட்டும் இருப்பது நியாயமே இல்லை.

பிறகு வங்கிக்குப் போய் முன் அனுமதிக் கடிதம் வாங்குங்கள். அதற்கு முன் உங்கள் சிபில் அறிக்கையைப் பாருங்கள். கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். என்றோ அடைத்துவிட்ட கிரெடிட் கார்டு பாக்கி இன்னும் பாக்கியாகவே நின்றுகொண்டிருக்கலாம். சரிசெய்ய நாளாகும், ஆகவே முன்பே பாருங்கள். இந்தக் காலத்தில் புது பைக் லோன், பர்சனல் லோன் எதுவும் வேண்டவே வேண்டாம். சீட்டு எந்த மாதம் எடுக்க முடியும், பி.எஃப். பணம் கைக்கு வர எத்தனை நாளாகும், நகையை விற்பதா அடகு வைப்பதா, எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு பணம் உங்களிடம் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால், விற்பவர் முன் உட்காரும்போது குரல் தானாகவே நிமிரும்.

அடுத்து பத்திரம். இங்கேதான் நான் கோபப்படுகிறேன். காய்கறிக்காரரிடம் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்கும் நாம், அரை கோடி ரூபாய் வீட்டுக்கு ஜெராக்ஸைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்கிறோம். “பேப்பர் எல்லாம் கிளியர் சார்” என்ற ஒரு வாய்வார்த்தையை நம்பி! கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தை இன்றே தூக்கி எறியுங்கள். நேர்மையான உரிமையாளர் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்பவரிடம் வாங்காமல் வந்துவிடுவதே உங்களுக்கு நல்லது.

மூலப்பத்திரத்தை அசலாகப் பாருங்கள், கையில் வாங்கிப் புரட்டுங்கள். அசல் இல்லை, தொலைந்துவிட்டது, லாக்கரில் இருக்கிறது, தம்பி வீட்டில் இருக்கிறது என்றால் அது எங்கோ அடமானத்தில் இருக்கலாம். சென்னை போன்ற நகரங்களில் பத்திரத்தை ஒப்படைத்தே கடன் வாங்க முடியும், அது வில்லங்கச் சான்றில் ஏறாமலும் போகலாம். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் கட்டணமில்லாமலே பார்க்கலாம். குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது, பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணும் பரப்பும் பட்டாவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கட்டட வரைபட அனுமதி இருக்கிறதா, அனுமதித்த மாடிக்கு மேல் ஒரு மாடி எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

மனை என்றால் இன்னும் கவனம். சிஎம்டிஏ அல்லது டிடிசிபி அனுமதி இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது. அந்த மாதங்களில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பதிவு செய்ய முடியாமல் நின்றவர்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் படிக்காதவர்கள் அல்லர், கேட்காதவர்கள். பிறகு 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைப்பிரிவுகளுக்குத்தான் அந்த வழி. இன்றைக்கும் “அப்ரூவல் வந்துடும் சார், அப்ளை பண்ணியிருக்கோம்” என்று சொல்லி விற்கிறார்கள். வந்த பிறகு கூப்பிடச் சொல்லுங்கள்.

வாரிசுச் சொத்து என்றால் எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும். குறிப்பாகத் திருமணமாகிப் போன பெண்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தரும் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. “அக்காவுக்கு அப்பவே சீர் செஞ்சுட்டோம், அவங்க கேக்க மாட்டாங்க” என்பது சட்டத்தில் செல்லாத பேச்சு. அந்த அக்காவை நேரில் பார்த்துப் பேசுங்கள். பவர் வைத்து விற்பவர் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்திருக்கிறாரா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்துவிட்டால் சாதாரணப் பவர் அத்தோடு செத்துவிடும். இத்தனையும் உங்களுக்கே புரிய வேண்டும் என்பதில்லை. நல்ல வக்கீல் ஒருவரிடம் சட்டக் கருத்து வாங்க ஆகும் செலவு, நீங்கள் போடும் டோக்கனைவிடக் குறைவாகவே இருக்கும். வங்கி எப்படியும் பார்க்கும் என்று விட்டுவிடாதீர்கள். வங்கி தன் கடனுக்காகப் பார்க்கிறது. உங்கள் வக்கீல் உங்களுக்காகப் பார்ப்பார்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் விலை. இப்போது நீங்கள் பேசும் விலைக்கு எடை இருக்கும். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது “கடைசி விலை என்ன?” என்பதல்ல. “எதுக்காக விக்கிறீங்க, பணம் எப்ப வேணும்?” என்று கேளுங்கள். பெண் கல்யாணத்துக்கு வைகாசியில் பணம் வேண்டும் என்பார் ஒருவர். அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பார் இன்னொருவர். வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அந்தக் கெடு நெருங்கத் தவித்துக்கொண்டிருப்பார் மூன்றாமவர். அவருக்கு இரண்டு லட்சம் கூடக் கிடைப்பதைவிட, சொன்ன தேதியில் முழுப்பணம் வருவது பெரிது. “வங்கி முன் அனுமதி கையில் இருக்கிறது. வக்கீல் பத்திரத்தைப் பார்த்துவிட்டார். நான் சொல்லும் விலை இது. 60 நாளில் பதிவு” என்று நீங்கள் சொன்னால், வெறும் ஆசையோடு வந்து அதிக விலை சொன்ன அந்த ‘இன்னொரு பார்ட்டி’ உங்களுக்குப் பின்னால்தான் நிற்பார்.

காலத்தையும் உங்கள் பக்கம் திருப்பலாம். ஆடி மாதம் நம் ஊரில் வீடு வாங்குவோர் ஒதுங்கி நிற்கும் மாதம். மார்கழியும் அப்படியே. தையிலும் ஆவணியிலும் பதிவு அலுவலகங்களில் கூட்டம் அலைமோதும். நல்ல முகூர்த்த நாட்களில் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் கொடுக்கும் அளவுக்குக் கூட்டம். நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆவணியில் நல்ல நாள் பார்த்து முன்பணம் கொடுங்கள், நல்ல நேரத்தில் கையெழுத்துப் போடுங்கள். ஆனால் வீடு பார்ப்பதற்கும் வில்லங்கம் எடுப்பதற்கும் வக்கீலைப் பார்ப்பதற்கும் விலை பேசுவதற்கும் ஆடி எந்தத் தடையும் சொல்லவில்லை. ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற ஊர் நம்முடையது. உழவர் அந்த மாதத்தில் வயலில் நிற்கிறார், வீடு தேடுகிற நாம் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும்? போட்டிக்கு ஆள் இல்லாத மாதத்தில் பேசுங்கள். எல்லோரும் ஆவணி முதல் நாள் வீடு பார்க்கப் புறப்படும்போது நீங்கள் பேசி முடித்திருப்பீர்கள்.

விலை படிந்துவிட்டது. இப்போது டோக்கன். சிறியதாக இருக்கட்டும், பேச்சை உறுதிப்படுத்தும் அளவுக்கு மட்டும். பத்து நாளில் ஒப்பந்தம் போடுவது, பத்திரத்தில் குறை தெரிந்தால் டோக்கனை முழுதாகத் திருப்பித் தருவது என்ற இரண்டையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம் மட்டுமே. 2015 ஜூன் 1 முதல் சொத்துப் பரிவர்த்தனைக்கு, அட்வான்ஸ் உட்பட, 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்திருக்கிறது. வாங்கியவருக்கு அதே தொகை அபராதமாகலாம். ரொக்கம் கேட்பவரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். வீட்டு விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், கொடுக்கும் ஒவ்வொரு தவணையிலும் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியவர் நீங்கள். அட்வான்ஸுக்கும் அது பொருந்தும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் விதியே வேறு. ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பெரிய அட்வான்ஸை ஒப்பந்தத்துக்கு முன் கொடுக்கவே கூடாது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தம் பதிவு செய்யப்பட வேண்டிய ஆவணம். “இருபது ரூபா பத்திரத்துல எழுதிக்கலாம், எதுக்கு வீண் செலவு?” என்பார்கள். பதிவு செய்தால் அந்த ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறும். அதே வீட்டை வேறு ஒருவரிடம் காட்டி விற்பவர் இன்னொரு அட்வான்ஸ் வாங்கப் பார்த்தால், அடுத்து வருபவர் கண்ணில் உங்கள் பெயர் படும். அந்தப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவே அல்ல. ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையை விட்டுக்கொடுக்காதீர்கள்: சொத்தின் பத்திரக் குறையால் வங்கி கடன் மறுத்தால், இத்தனை நாளுக்குள் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வர வேண்டும். இந்த ஒரு வரி இல்லாததால் லட்சங்களை இழந்தவர்கள் உண்டு. அதேபோல, நீங்கள் பின்வாங்கினால் அட்வான்ஸ் முழுதும் பறிபோகும் என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படித் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், பிறகு நீதிமன்றத்தில் அழுது பயனில்லை.

கெடுவை நிஜமாக வையுங்கள். வங்கி வேலை முடிய இரண்டு மாதம் ஆகும் என்றால் மூன்று மாதம் எழுதுங்கள். எழுதிவிட்டால் அந்தத் தேதியைக் காப்பாற்றுங்கள். மதுரையில் ஒரு வீடு, 1978 டிசம்பரில் ஒப்பந்தம். விலை 60,000 ரூபாய், அட்வான்ஸ் 5,000, ஆறு மாதத்தில் மீதி. வாங்குபவர் ஏறக்குறைய இரண்டரை வருடம் அசையவே இல்லை. 1981-ல்தான் நோட்டீஸ் அனுப்பி வழக்குப் போட்டார். வழக்குப் போட மூன்று வருடக் கால வரம்பு இருந்தது, அதற்குள்தான் போட்டார். ஆனாலும் 1997-ல் உச்ச நீதிமன்றம் வீட்டை அவருக்குத் தர மறுத்துவிட்டது. நகரச் சொத்துகளின் விலை ஏறிக்கொண்டே போகிற காலத்தில், சொற்ப அட்வான்ஸைக் கொடுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவருக்காக விற்பவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். சட்டம் தயாராக இருப்பவரைத்தான் காக்கும். மீதிப் பணம் தயார் என்பதற்கு வங்கிக் கணக்கும் கடன் அனுமதிக் கடிதமும் சாட்சி. விற்பவர் இழுத்தடித்தால், கெடு முடிவதற்கு முன்பே “நான் தயார், எந்த நாள் பதிவுக்கு வருகிறீர்கள்?” என்று வக்கீல் நோட்டீஸ் போகட்டும். நோட்டீஸ் அனுப்புவது சண்டைக்கான அழைப்பு அல்ல. உங்கள் உரிமையைப் பதிவு செய்வது.

பில்டரிடம் வாங்குகிறவர்களுக்குச் சட்டம் இன்னும் கூர்மையான வாளைக் கொடுத்திருக்கிறது. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம், எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட திட்டத்தை ரெராவில் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தவோ முன்பதிவு வாங்கவோ கூடாது. சொன்ன தேதியில் வீடு தராவிட்டால், வெளியேற விரும்புகிறவருக்குப் பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். “ப்ரீ லாஞ்ச் ஆஃபர், இன்னைக்கு புக் பண்ணினா சதுர அடிக்கு முந்நூறு ரூபா குறைவு” என்று ஆசை காட்டினால், ரெரா பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லாவிட்டால் அங்கே உங்களுக்கு வேலையில்லை.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். டோக்கன் கொடுத்த பிறகு குறை தெரிந்தால் விட்டுவிட்டு வாருங்கள். “பத்தாயிரம் போயிடுமே” என்று பார்த்து ஐம்பது லட்சத்தைக் கொண்டுபோய்ச் சிக்கலில் போடாதீர்கள். கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்த்தாயிற்று, சொந்தக்காரர்களுக்குச் சொல்லியாயிற்று என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர்! ஊர் பேச்சு ஒரு வாரம். கோர்ட் வாய்தா பத்து வருடம். எழுந்து வரத் துணிவு இல்லாதவரால் பேரம் பேசவே முடியாது.

இதே அழுத்தத்தோடு மறுபக்கத்தையும் சொல்கிறேன். எல்லாம் சரியாக இருந்தும் கொடுக்கத் தயங்குகிறவர்களுக்காக. இன்னும் கொஞ்சம் சேரட்டும், வட்டி குறையட்டும், தேர்தல் முடியட்டும், விலை இறங்கட்டும் என்று ஆண்டுகளைக் கரைத்தவர்களை நம் குடும்பங்களிலேயே பார்க்கிறோம். பல்லாவரம் தாண்டினால் காடு என்று வேண்டாம் என்றவர்கள், பிறகு செங்கல்பட்டு வரை போய்த் தேடினார்கள். பத்திரம் சுத்தம், விலை நியாயம், தவணை உங்கள் சம்பளத்துக்குள், கடன் அனுமதி கையில். இந்த நான்கும் இருந்தால் பத்தாவது மாமாவிடம் யோசனை கேட்கத் தேவையில்லை. அவருக்கு உங்கள் சம்பளமும் தெரியாது, கனவும் தெரியாது. சரியான வீட்டுக்குச் சரியான நேரத்தில் “சரி” என்று சொல்வதும் துணிவுதான். அதற்காகத்தான் இத்தனை கேள்வியும் கேட்டீர்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வீடு பார்க்கப் போகும்போது சமையலறையைக் காட்டிவிட்டு, பத்திரத்தை ஆண்களிடம் நீட்டுவார்கள். கையை நீட்டி நீங்களும் வாங்கிப் படியுங்கள். 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாடு அரசு நடைமுறைப்படுத்தியிருக்கிறது. ஊர்ப்பக்கம் சிறு மனை வாங்கும் குடும்பங்களுக்கு அது கைகொடுக்கும். தனியாகச் சம்பாதிக்கும் பெண் தனியாக வீடு வாங்குவதில் விந்தை எதுவுமில்லை; “வீட்டுல பெரியவங்க யாரும் வரலையா?” என்று தரகர் கேட்டால், “வந்திருக்கேன்ல” என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

நண்பரே, இந்த ஞாயிறு எந்த வீட்டையும் பார்க்கப் போகாதீர்கள். கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து, கையில் உள்ள பணம், வரப்போகும் பணம், தாங்கக்கூடிய தவணை மூன்றையும் எழுதுங்கள். திங்கட்கிழமை சிபில் அறிக்கையை எடுங்கள். அந்த வாரத்திலேயே இரண்டு வங்கிகளில் முன் அனுமதி கேளுங்கள். தெரிந்தவர்களிடம் விசாரித்து ஒரு வக்கீலைப் பேசி வையுங்கள். அடுத்த ஞாயிறு வீடு பார்க்கப் போங்கள். அங்கே ஒருவர் “இன்னொரு பார்ட்டி ரெடி” என்று சொல்வார். அசல் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.